எந்த இடுப்பு, எவ்வளவு எடை? கால் தசைக் கருவி வாங்கும் முன்

இடுப்பு என்ற ஒரே சொல்லைத் தமிழில் நான்கு இடங்களுக்கு வைத்திருக்கிறோம். பெல்ட் கட்டும் இடம் இடுப்பு. குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொள்கிற கீழ்முதுகும் இடுப்பு. குழந்தையைத் தூக்கி உட்காரவைக்கும் எலும்பு மேடும் இடுப்பு. தொடை எலும்பின் உருண்டைத் தலை போய்ப் பொருந்துகிற மூட்டும் இடுப்புதான். பேச்சு வழக்கில் இதனால் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் போனவரை, "தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்துங்க" என்று சொல்லி அனுப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்கு வந்து ஃபோனில் தேடினால் கொட்டுகிறது. நின்றுகொண்டு சுழலும் ட்விஸ்டர் தட்டு, வியர்வை பெல்ட், தொடைகளுக்கு நடுவே வைத்து அமுக்கும் ஸ்பிரிங், ரப்பர் வளையம், கணுக்காலில் கட்டும் மணல் எடை, நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கும் பெடல், பாதத்தை வைத்தால் தானாகத் துடிக்க வைக்கும் மின்சாரப் பாய். எல்லாவற்றிலும் "இடுப்புக்கும் காலுக்கும்" என்றுதான் போட்டிருக்கிறது. ட்விஸ்டர் தட்டும் வியர்வை பெல்ட்டும் பெல்ட் கட்டுகிற இடுப்பைப் பற்றியவை. மருத்துவர் சொன்னது மூட்டைச் சுற்றியிருக்கும் தசையை. அந்த இரண்டையும் இப்போதே ஒதுக்கிவிடலாம்.

மற்றவற்றைப் பிரித்துப் பார்க்க, தசை எந்தப் பக்கம் இழுக்கிறது, கருவி எந்தப் பக்கம் எதிர்க்கிறது என்று தெரிய வேண்டும். அந்த எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போக முடியுமா என்பதும் தெரிய வேண்டும்.

எந்தத் தசைக்கு என்ன வேலை

1. முன்தொடைத் தசை. குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். முழங்காலை நீட்டுவது இது. நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, இறங்கும்போது உடம்பு பொத்தென்று விழாமல் பிடித்து இறக்குவது எல்லாம் இதன் பொறுப்பு.

2. பின்தொடைத் தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங். முழங்காலை மடக்கும், தொடையைப் பின்னால் இழுக்கவும் உதவும்.

3. பெரிய புட்டத் தசை, குளூட்டியஸ் மேக்ஸிமஸ். குனிந்த உடம்பை நிமிர்த்துவதும், உட்கார்ந்தவரைத் தூக்கி நிறுத்துவதும் இதன் வேலை. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு இதற்கு அதிகம் வேலை இருப்பதில்லை.

4. பக்கப் புட்டத் தசை. குளூட்டியஸ் மீடியஸும் அதன் அடியில் இருக்கும் மினிமஸும். காலைப் பக்கவாட்டில் விரிப்பவை என்று பாடப்புத்தகம் சொல்லும். அன்றாடத்தில் இவற்றின் முக்கியமான வேலை வேறு, கீழே பார்ப்போம்.

5. உள்தொடைத் தசைகள் காலை உள்ளே இழுப்பவை. கெண்டைக்கால் தசை குதிகாலை உயர்த்துவது. தொடையை முன்னால் தூக்கும் தசைகளும் உண்டு. அவை முன் இடுப்பில் ஆழத்தில் இருப்பவை.

நான்காவதாகச் சொன்ன பக்கப் புட்டத் தசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் முழு உடம்பும் ஒற்றைக்காலில் நிற்கிறது. காற்றில் இருக்கும் காலின் பக்கம் இடுப்பெலும்பு சரியாமல் பிடித்துக்கொள்வது நிற்கும் காலின் பக்கப் புட்டத் தசை. தராசுக் கணக்காகப் பார்த்தால் இதன் பாடு புரியும்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு முழுக் கால் என்பது உடல் எடையில் சுமார் 16 சதவீதம், அதாவது 10 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒற்றைக்காலில் நிற்கும்போது மீதி 50 கிலோவும் அந்த ஒரு மூட்டின் மேல் இருக்கிறது. அந்த 50 கிலோவின் மையம் மூட்டுக்கு நேர்மேலே இல்லாமல், உள்பக்கமாகச் சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் தசைக்கோ மூட்டிலிருந்து கிடைப்பது சுமார் 5 செ.மீ. தூரம்தான். பாதித் தூரத்தில் நின்று இழுப்பவர் இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். ஆக 100 கிலோ அளவுக்குத் தசை இழுக்கிறது. மூட்டின் மேல் விழுவது 50 கிலோவும் அந்த 100 கிலோவும் சேர்ந்து, உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. பெர்லினில் கெயோர்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள் உணர்கருவி வைத்துப் பொருத்தி, நோயாளிகள் நடக்கும்போதே அளந்தார்கள். 2001இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடக்கும்போது மூட்டில் விழும் சுமை சராசரியாக உடல் எடையில் 238 சதவீதம். படி ஏறும்போது 251.

இந்தத் தசை தளர்ந்தால் நடை மாறும். இடுப்பெலும்பு ஒருபக்கம் சரியும், அல்லது அதை ஈடுகட்ட ஆள் மறுபக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். ஃப்ரீட்ரிஷ் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895இல் இதை விவரித்தார். இன்றும் மருத்துவர்கள் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்ப்பது அவர் பெயரிலான பரிசோதனைதான். இடுப்பு மூட்டு வலி உள்ளவர் ஊன்றுகோலை வலிக்கிற பக்கத்துக் கையில் பிடிக்கக் கூடாது, எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதே தராசுக் கணக்குதான் காரணம். தள்ளியிருக்கும் கையிலிருந்து கோல் கொடுக்கும் சிறு முட்டு, பக்கப் புட்டத் தசையின் பெரிய சுமையைக் குறைக்கிறது. நம் தெருக்களில் பாதிப் பேர் மாற்றித்தான் பிடித்திருக்கிறார்கள்.

தசை எப்போது வலுக்கும்

பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமை வந்தால் தசை வலுக்கும். அந்தச் சுமையும் பழகிவிட்டால் அங்கேயே நிற்கும். மறுபடி கூட்ட வேண்டும். இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கருத்து, மருத்துவமனைக்குள் நுழைய இரண்டாம் உலகப்போர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். கால் அடிபட்டு, மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து தொடை சூம்பிப்போன படைவீரர்கள் அங்கே நிறைய. குறைந்த எடையை நிறையத் தடவை தூக்க வைப்பதுதான் அப்போதைய வழக்கம். டிலோர்ம் இளவயதில் வாத சுரத்தால் படுத்துக் கிடந்து, எழுந்தபின் எடை தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டவர். அதையே நோயாளிகளிடமும் செய்தார். காலில் இரும்புச் செருப்பைக் கட்டி, அதில் எடையைக் கூட்டிக்கொண்டே போனார். 1945இல் இதைப் பற்றி எழுதினார். 1948இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து முறையைச் சுருக்கினார்: சரியாகப் பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடி, அதில் பாதி எடையுடன் பத்து, முக்கால் எடையுடன் பத்து, முழு எடையுடன் பத்து. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் "மூணு செட், பத்து பத்து" என்று சொல்வதன் பூர்விகம் இது. கால் தசைக்காக வீட்டில் கட்டிக்கொள்ளும் எடைகள் எல்லாம் அந்த இரும்புச் செருப்பின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

வயதானால் இது பலிக்காது என்ற எண்ணத்தை 1990இல் வந்த ஒரு சிறிய ஆய்வு உடைத்தது. மரியா ஃபியாட்டரோன் குழுவினர் பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் முன்தொடைத் தசைக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்கள் தூக்க முடிந்த எடை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமன் 9 சதவீதம் கூடியது. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஆரம்ப வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, இருக்கிற தசையை நரம்பு இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. சதை கூடுவது மெதுவாகத்தான் நடக்கும். மூன்றாவது வாரம் டேப் வைத்துத் தொடையை அளந்து ஏமாற வேண்டாம்.

எடை எப்போதும் கனமாகத்தான் இருக்க வேண்டுமா என்றால், அப்படி இல்லை. லேசான எடையும் கடைசி இரண்டு மூன்று தடவை சிரமப்படும் அளவுக்குப் போனால் சதையை வளர்க்கும். ஆனால் தூக்கும் பலம் என்று பார்த்தால் கனமான எடைக்கே பலன் அதிகம். முப்பது தடவை செய்தும் அலட்டாமல் பேசிக்கொண்டிருக்க முடிகிறது என்றால் அது தசைக்குப் பயிற்சியாக இல்லை, அசைவாக மட்டுமே இருக்கிறது.

கருவிகள் ஒவ்வொன்றாக

*ரப்பர் பட்டையும் வளையமும்*

கடையில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். நீளப் பட்டை ஒரு வகை, தொடையிலோ கணுக்காலிலோ மாட்டிக்கொள்ளும் வளையம் இன்னொரு வகை. இரும்பு எடை கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும். பட்டையை எங்கே கட்டுகிறோமோ அந்தத் திசையில் இழுக்கும். நின்றபடி காலைப் பக்கவாட்டிலோ பின்னாலோ நகர்த்துவதற்கு எதிர்ப்பு வேண்டுமென்றால் பட்டைதான் சுலபமான வழி.

பட்டை இழுக்க இழுக்க இறுகும். அசைவின் தொடக்கத்தில் எதிர்ப்பு குறைவு, முடிவில் அதிகம். எவ்வளவு என்பதற்கு நிறம்தான் அடையாளம். தெராபேண்ட் நிறுவனத்தின் வரிசையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளி, தங்கம் என்று ஏறும். பட்டையை அதன் நீளத்தைப் போல் இரண்டு மடங்காக இழுத்தால் மஞ்சளில் சுமார் 1.3 கிலோ, பச்சையில் சுமார் 2.1, தங்கத்தில் சுமார் 6.5 கிலோ எதிர்ப்பு. இந்த நிற வரிசை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது அல்ல. ஒருவருடைய சிவப்பு இன்னொருவருடைய பச்சையாக இருக்கும். ஃபிசியோதெரபிஸ்ட் "பச்சை வாங்குங்க" என்றால் எந்த நிறுவனத்தின் பச்சை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நிறத்தை மாற்றாமலே எதிர்ப்பை மாற்றலாம். வளையத்தை முழங்காலுக்கு மேலே மாட்டிப் பக்கவாட்டில் அடி வைத்து நடந்தால் ஒரு சிரமம். அதையே கணுக்காலுக்கு இறக்கினால் அதே வளையம் கடினமாகிவிடும். மூட்டிலிருந்து தூரம் கூடுகிறது, அவ்வளவுதான். கதவைக் கீல் பக்கத்தில் பிடித்துத் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள அதே வித்தியாசம்.

வளையத்துடன் எல்லோரும் காட்டுவது, பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடித்து சிப்பி திறப்பதுபோல் விரிக்கும் அசைவு. ஆரம்பத்துக்குச் சரி. 2009இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் பக்கப் புட்டத் தசையில் மின்முனை ஒட்டி அளந்தபோது, இந்தச் சிப்பி அசைவில் தசையின் உச்ச அளவில் 40 சதவீதம் போலத்தான் வேலை நடந்தது. எந்தக் கருவியும் இல்லாமல், பக்கவாட்டில் படுத்து நீட்டிய காலை நேராகத் தூக்கியபோது 80 சதவீதம் போல. வளையத்தை மாட்டிப் பக்கவாட்டில் நடந்தபோது 60 போல.

*கணுக்கால் எடை*

மணலோ இரும்புத் துகளோ நிரப்பி, வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொள்வது. ஒரே எடையில் தைத்தது, எடைக் கட்டிகளைச் செருகிக் கூட்டிக் குறைக்கக்கூடியது என இரண்டு வகை உண்டு. வாங்கினால் இரண்டாவதையே வாங்கலாம். கூட்ட முடியாத எடை இரண்டு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

முன்தொடைக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டலாம். பின்தொடைக்கு நாற்காலி முதுகைப் பிடித்து நின்று முழங்காலைப் பின்னால் மடக்கலாம். இந்த இரண்டுக்கும் இது நல்ல கருவி. பக்கப் புட்டத் தசைக்கு வரும்போது மறுபடி தராசுக் கணக்கைப் போட வேண்டும்.

அதே 60 கிலோ ஆள். 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கால், அதன் எடை மையம் இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 36 செ.மீ. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கினால் மூட்டில் சுமார் 3.5 கிலோகிராம்-மீட்டர் திருப்பு விசை, அதாவது எடையை மூட்டிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கியது. கணுக்காலில் 2 கிலோ கட்டினால், 75 செ.மீ. தூரத்துக்கு இன்னொரு 1.5. மொத்தம் 5. ஒற்றைக்காலில் சும்மா நிற்கும்போது? 50 கிலோ, 10 செ.மீ.; அதுவும் 5.

பிடிமானம் இல்லாமல் ஒற்றைக்காலில் நிற்க முடிகிற ஒருவருக்கு 2 கிலோ கணுக்கால் எடை புதிதாக எதையும் கொடுத்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அதே எடை, நிற்கவே பயப்படுகிற ஒருவருக்குப் படுத்தபடி, விழும் ஆபத்தில்லாமல் அந்தச் சுமையைக் கொடுக்கிறது. யாருக்கு என்பதைப் பொறுத்து ஒரே கருவி உதவியாகவும் ஆகும், வீணாகவும் ஆகும்.

இதைக் கட்டிக்கொண்டு வாக்கிங் போகிறவர்களை நிறையப் பார்க்கலாம். வேண்டாம். நடைக்குத் தேவையான தசைக்கு அது கொடுப்பது கொஞ்சம். காலை வீசுகிற விதத்தை மாற்றி முழங்காலுக்குக் கொடுக்கும் இழுப்புதான் அதிகம்.

*படி, நாற்காலி, பை*

இவற்றைக் கருவி என்று யாரும் விற்பதில்லை, அதனால் விளம்பரமும் இல்லை. வீட்டு மாடிப்படியின் முதல் படியில் ஒரு காலை வைத்து ஏறி, அதே காலில் நிதானமாக இறங்குவது முன்தொடை, பெரிய புட்டம், பக்கப் புட்டம் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும். இறங்குவதை மெதுவாகச் செய்ய வேண்டும். தசை நீண்டுகொண்டே சுமையைப் பிடித்து இறக்கும் அந்த வேலை, பெடல் மிதிக்கும் கருவிகளில் அனேகமாகக் கிடைக்காது. எளிதாகிவிட்டால் பள்ளிக்கூடப் பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். டிலோர்மின் விதிக்கு அரிசி என்றால் என்ன, இரும்பு என்றால் என்ன!

படிக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறுவது கூடாது. டைல்ஸ் தரையில் அது எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது.

நம் ஊர்ப் பழைய முறைகளும் இங்கே சேரும். பயில்வான்கள் நூற்றுக்கணக்கில் போட்ட பஸ்கியும், பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும் முழங்காலை முழுக்க மடக்கி எழும் பயிற்சிகள்தான். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தி உட்கார்ந்து கழிவறை போன காலத்தில் இந்தத் தசைகளுக்குத் தினமும் பலமுறை கட்டாய வேலை இருந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர் இதைக் கேட்டுவிட்டு நேராகத் தோப்புக்கரணத்துக்குப் போக வேண்டாம். உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவதில் தொடங்கலாம்.

*சைக்கிளும் பெடலும்*

நிலையான சைக்கிள் இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. தேய்ந்த முழங்காலுக்கு, உடல் எடையைச் சுமக்காமல் மடக்கி நீட்டும் வாய்ப்பும் கொடுக்கிறது. எதிர்ப்பைக் கூட்டி மிதித்தால் தொடைக்கும் ஓரளவு பலம் சேரும். பக்கப் புட்டத் தசைக்கு அதில் அனேகமாக ஒன்றும் இல்லை, ஏனென்றால் இருக்கைதான் இடுப்பெலும்பைத் தாங்குகிறது. இருக்கை உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கியிருக்கட்டும். அதற்கும் கீழே இருக்கையை வைத்து மிதித்துவிட்டு, "சைக்கிள் ஓட்டினேன், முட்டி வலி கூடிப்போச்சு" என்று சொல்பவர்கள் அதிகம்.

மேசைக்கு அடியில் வைக்கும் குட்டிப் பெடல் வேறு ஜாதி. பக்கவாதம் வந்தவருக்கும் நீண்ட நாள் படுத்திருந்தவருக்கும் மூட்டை அசைத்து வைக்க உதவும். கொஞ்சம் இறுக்கினால் கருவியே தரையில் நகர்ந்துவிடும் என்பதால், மற்றவர்களுக்குத் தசை பலத்துக்கு அது போதாது.

*தொடை அமுக்கி*

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகை சூசன் சோமர்ஸ் விற்றுப் பிரபலமாக்கிய தைமாஸ்டரின் வாரிசுகள். முழங்கால்களுக்கு நடுவே வைத்து அமுக்கினால் உள்தொடைத் தசை வேலை செய்யும். அந்தத் தசை மட்டும்தான். தொடைக் கொழுப்பைக் குறைக்கும் என்று போட்டிருந்தால் நம்ப வேண்டியதில்லை. ஒரு இடத்துத் தசையை வேலை வாங்கினால் அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது நடப்பதில்லை.

*பெஞ்ச்*

உட்கார்ந்து எடையை முன்னால் உதைத்து நீட்டும் பெஞ்சில் முன்தொடையைத் தனியாகப் பிடித்து, எடையை அளந்து கூட்டலாம். டிலோர்மின் நேரடி வாரிசு இதுதான். இடம் அடைக்கும், விலையும் அதிகம். முழங்கால் சில்லுக்கு அடியில் வலி இருப்பவருக்கு, கால் முழுசாக நீளும் கடைசிப் பகுதியில் உறுத்தலாம். குந்தி எழும் பயிற்சியில் இது தலைகீழ்: அதில் ஆழமாகக் குந்தும்போதுதான் சில்லில் அழுத்தம் அதிகம். எந்தப் பகுதியில் வலிக்கிறதோ அதைத் தவிர்த்து மீதி வீச்சில் செய்வதே வழக்கம்.

*தானாக வேலை செய்யும் கருவிகள்*

பாதத்தை வைத்தால் மின்துடிப்பில் கெண்டைக்கால் சுண்டுகிற பாய்கள் இப்போது நன்றாக ஓடுகின்றன. மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைப்பது பொய் இல்லை. முழங்கால் மாற்று அறுவைக்குப் பின்னும், ஜவ்வு அறுவைக்குப் பின்னும் முன்தொடைத் தசையைத் தட்டி எழுப்ப ஃபிசியோதெரபியில் பயன்படுத்துகிறார்கள். அங்கே மின்முனை தொடையில் ஒட்டப்படுகிறது, தசை கண்ணுக்குத் தெரிந்து இறுகும் அளவுக்கு மின்சாரம் கூட்டப்படுகிறது. அது சுகமான அனுபவம் இல்லை. பாதத்துக்கு அடியில் இதமாகத் துடிக்கும் பாய் தொடையையும் புட்டத்தையும் எட்டுவதே இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதில் கால் வைக்கவே கூடாது.

"சும்மா இருந்தாலே போதும்" என்ற வியாபாரம்

கஷ்டப்படாமல் தசை வலுக்கும் என்ற வாக்குறுதி ஒருமுறை அரசு விசாரணை வரை போயிருக்கிறது. ரீபாக் நிறுவனம் ஈஸிடோன் என்ற ஷூவைப் போட்டு நடந்தாலே புட்டத் தசை 28 சதவீதமும், பின்தொடையும் கெண்டைக்காலும் 11 சதவீதமும் கூடுதலாக வலுப்பெறும் என்று விளம்பரம் செய்தது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கு ஆதாரம் போதாது என்றது. 2011இல் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர 2.5 கோடி டாலர் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே ஷேப்-அப்ஸ் என்ற ஷூவுக்காக ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது.

இந்த வழக்குகள் ஷூவைப் பற்றியவைதான். ஆனால் விளம்பரத்தில் சதவீதக் கணக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகளை அவை காட்டிக்கொடுக்கின்றன. எத்தனை பேரிடம் அளந்தார்கள்? எத்தனை நாள்? தசை அப்போதைக்கு எவ்வளவு இயங்கியது என்று அளந்தார்களா, பல வாரம் கழித்து எவ்வளவு வலுத்தது என்று அளந்தார்களா? மேலே சொன்ன 40, 80 சதவீதங்களும் முதல் வகைதான். பயிற்சிகளை ஒப்பிட உதவும், பலன் இவ்வளவு என்று சொல்லாது.

வீட்டிலேயே நடத்திக் காட்டிய ஒரு திட்டம்

எளிய கருவியை வைத்து என்ன சாதிக்கலாம் என்பதற்கு நியூசிலாந்தின் ஒட்டாகோ திட்டம் நல்ல உதாரணம். 1990களில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் முதலானோர் முதியவர்கள் விழுவதைத் தடுக்க உருவாக்கியது. கருவி ஒன்றே ஒன்று: கணுக்கால் எடை. முறை இப்படி:

1. ஃபிசியோதெரபிஸ்ட் சில தடவை வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுப்பார். எட்டிலிருந்து பத்துத் தடவையில் களைத்துப்போகும் எடையைத் தேர்ந்து கட்டுவார்.

2. முழங்காலை நீட்டுவது, மடக்குவது, காலைப் பக்கவாட்டில் விரிப்பது மூன்றும் எடையுடன். குதிகால் உயர்த்துவது, முன்பாதம் உயர்த்துவது எடையில்லாமல்.

3. கூடவே நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சிகள்: ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது போன்றவை.

4. வாரத்துக்கு மூன்று நாள், அரைமணி நேரம். அதோடு வாரம் இரண்டு நாளாவது நடை.

5. பத்துப் பத்தாக இரண்டு சுற்று முடிந்தால் எடை கூடும்.

முதல் ஆய்வு 80 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 1997இல் வெளியானது. பிறகு நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 65 முதல் 97 வயது வரை 1,016 பேர். விழுவதும் விழுந்து அடிபடுவதும் 35 சதவீதம் குறைந்திருந்தன. எடையை மட்டும் வாங்கி வந்து, இரண்டாம் மூன்றாம் எண்களில் உள்ளதை அரைகுறையாகச் செய்தால் இந்த 35 கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கருவி மலிவு, அந்த அரைமணி நேரமும், ஏறிக்கொண்டே போகும் எடையும்தான் விஷயம்.

எங்கே தொடங்குவது

முதலில் ஒரு சோதனை. சுமார் 43 செ.மீ. உயர நாற்காலி, சுவரை ஒட்டிப் போட்டது. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க முதியவர்களை வைத்து வகுத்த அளவின்படி, 60–64 வயதில் ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. 70–74இல் 12, 10. 80–84இல் 10, 9. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் கணக்கு பூஜ்யம்.

1. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால்: நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி எழும் பயிற்சி, உட்கார்ந்தபடி கணுக்கால் எடை, படுத்தபடி கால் தூக்குவது. அருகில் ஆள் இருக்கட்டும்.

2. எழ முடிகிறது, எண்ணிக்கை குறைவு என்றால்: நாற்காலிப் பயிற்சி, கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறி இறங்குதல், முழங்காலுக்கு மேல் வளையம்.

3. எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்றால்: பையில் எடை, ஒற்றைக்காலில் படி இறங்குதல், கணுக்காலில் வளையம். டம்பெல் இருந்தால் இன்னும் நல்லது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. 65க்கு மேல் என்றால் வாரம் மூன்று நாளாவது, பலமும் நிலைத்து நிற்பதும் கலந்த பயிற்சி. தினமும் செய்ய வேண்டியதில்லை. நடுவில் ஒருநாள் விடுவது தசை தேறுவதற்கு.

தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, முக்கியமாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். மறுநாள் தசையில் வரும் வலி இரண்டொரு நாளில் போய்விடும். மூட்டுக்குள்ளே வலித்தாலோ வீங்கினாலோ எடையைக் குறைக்க வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது பயிற்சி வலி என்று விட்டுவிடக் கூடாது. ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு எந்தெந்த அசைவு கூடாது என்பது அறுவை செய்த விதத்தைப் பொறுத்தது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வளையத்தையும் மாட்டக் கூடாது.

பட்டை வாங்கியவர்களுக்கு இன்னொன்று. பெரும்பாலான பட்டைகள் இயற்கை ரப்பர் பாலில் செய்தவை. லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் லேட்டக்ஸ் இல்லாத பட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். வெயில் படும் மொட்டைமாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ போட்டு வைத்தால் ரப்பர் வெடித்துவிடும். ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் இழுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்து ஓரங்களைப் பார்த்துவிடுங்கள். மயிரிழைக் கீறல் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், இரண்டு மடங்கு இழுத்த பட்டை அறுந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும்.